பாக்டீரியத் தொற்று: இணையத்தில் எழுதியிருப்பது யாருக்குப் புரிகிறது?

ஒரு பக்கத்தை எழுதி முடித்ததும், அது யாருக்குப் புரியும், யாருக்குப் புரியாது என்று படிப்பவரைக் கேட்காமலே சொல்லிவிட முடியுமா? ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகக் கல்வியாளர்கள் இந்தக் கேள்வியோடு போராடி வருகிறார்கள். பள்ளிப் பாடநூல்களுக்காகத் தொடங்கிய விவாதம் நாளிதழ்களுக்கும் கடற்படைக் கையேடுகளுக்கும் பரவி, கடந்த கால் நூற்றாண்டாக இணையத்தின் மருத்துவப் பக்கங்களில் நிலைகொண்டிருக்கிறது.

பாக்டீரியத் தொற்று என்று வரும்போது இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் கூடுகிறது. 2019ஆம் ஆண்டில் 33 வகை பாக்டீரியாக்களால் உலகில் சுமார் 77 லட்சம் பேர் இறந்ததாக 2022இல் லான்செட் இதழில் வந்த மதிப்பீடு சொல்கிறது. மருந்துக்கு அடங்காமல் போன பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக அமைந்த இறப்புகள் அதே ஆண்டில் 12.7 லட்சம் என்கிறது அதே இதழின் இன்னொரு மதிப்பீடு. இந்த நோய்களில் பலவற்றுக்கு மருந்து இருக்கிறது. எந்த நோய்க்கு எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை வீட்டில் இருப்பவர் சரியாகப் புரிந்துகொண்டால்தான் அந்த மருந்து வேலை செய்யும்.

இந்தப் பொறுப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்த வரலாற்றில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டால் போதாதா என்று 1956இல் இங்கே தொடங்கிய ஆய்வு ஆராய்ந்தது. வீட்டுச் சிகிச்சையும் ஈடான பலன் தருகிறது என்ற முடிவு 1959இல் வெளியாகி, உலகெங்கும் காசநோய் சிகிச்சையின் போக்கை மாற்றியது. மருத்துவமனைப் படுக்கையில் செவிலியர் எடுத்துக் கொடுத்த மாத்திரையை நோயாளி தன் வீட்டில் எடுத்துச் சாப்பிடத் தொடங்கியபோது, சொன்னதைப் புரிந்துகொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியாகிவிட்டது. அன்று சொல்லிக் கொடுத்தவர் எதிரே நின்றார். இன்று அந்த இடத்தில் பல நேரம் கைபேசித் திரை இருக்கிறது.

சூத்திரங்கள் வந்த வழி

முதல் விடை எண்ணிக்கையிலிருந்து வந்தது. 1921இல் எட்வர்ட் தார்ண்டைக் ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் பத்தாயிரம் சொற்களைப் பட்டியலிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து லைவ்லி, பிரெஸ்ஸி என்ற இருவர் பாடநூல்களின் சொற்சுமையை அளக்க அந்தப் பட்டியலைப் பயன்படுத்தினார்கள். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ருடால்ஃப் ஃப்ளெஷ் 1948இல் தந்த சூத்திரம்தான் பரவலாக நிலைத்தது. ஒரு வாக்கியத்துக்கு எத்தனை சொல், ஒரு சொல்லுக்கு எத்தனை அசை என்ற இரண்டை மட்டும் வைத்துப் பெரும்பாலும் 0 முதல் 100 வரை விழும் ஒரு மதிப்பெண்ணை அது கொடுக்கும். எண் கூடக் கூட எளிமை. அதே ஆண்டில் எட்கர் டேல், ஜீன் சால் இருவரும், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சுமார் மூவாயிரம் சொற்களைத் தொகுத்து, அதில் இல்லாத சொற்களை எண்ணும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1952இல் ராபர்ட் கன்னிங்கின் ஃபாக் குறியீடும், 1969இல் ஹாரி மெக்லாஃப்லினின் ஸ்மாக்கும் வந்தன. ஃப்ளெஷின் மதிப்பெண்ணைப் பள்ளி வகுப்பாக மாற்றிச் சொல்லும் ஃப்ளெஷ்-கின்கெய்ட் சூத்திரம் 1975இல் அமெரிக்கக் கடற்படைக்காக உருவானது.

நீளமான வாக்கியம் கடினம், நீளமான சொல் கடினம் என்ற இரண்டு அனுமானங்கள்தான் இவற்றில் பெரும்பாலானவற்றின் அடித்தளம். ஆங்கிலத்தில் அது அடிப்படையற்ற அனுமானம் இல்லை. அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் குட்டையானவை. லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்த அறிவுத்துறைச் சொற்கள் நெட்டையானவை. ஆகவே நீளத்தை அளந்தால் அரிதான தன்மையையும் ஓரளவு அளந்ததாகிவிடும். இந்தப் பொருத்தம் ஒரு மொழியின் வரலாற்றுத் தற்செயல். அதை இங்கேயே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தமிழுக்கு வரும்போது அதுதான் உடைகிறது.

ஆறாம் வகுப்பு என்ற கோடு

சூத்திரங்கள் மருத்துவத்துக்குள் வந்தது இரண்டாம் கட்டம். 'உடல்நல எழுத்தறிவு' என்ற கருத்தை 1974இல் ஸ்காட் சைமண்ட்ஸ் முன்வைத்தார். 1985இல் டோக் தம்பதியரும் ஜேன் ரூட்டும், எழுத்தறிவு குறைந்த நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுப்பது பற்றி எழுதிய நூல் இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்றானது. நோயாளிக்கான எழுத்து ஆறாம் வகுப்பு நிலையைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பரிந்துரையாகப் பரவியது. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை தன் இணையப் பக்கங்களுக்கு 9 முதல் 11 வயதுப் பிள்ளையின் வாசிப்புத் திறனை இலக்காக வைத்திருக்கிறது.

இந்தக் கோட்டுக்கு நியாயமான காரணம் இருந்தது. 2003இல் அமெரிக்காவில் நடந்த தேசிய எழுத்தறிவுக் கணக்கெடுப்பு, உடல்நலத் தகவலைத் தேர்ச்சியோடு கையாளக்கூடிய பெரியவர்கள் 12 விழுக்காடுதான் என்று கண்டது. அதற்குச் சற்று முன்னர், 2001இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஓர் ஆய்வு, நான்கு நோய்களைப் பற்றிய இணையப் பக்கங்களை அளந்தது. பார்த்த ஆங்கிலத் தளங்கள் அத்தனையும், ஸ்பானியத் தளங்களில் 86 விழுக்காடும், உயர்நிலைப் பள்ளி அளவுக்கோ அதற்கு மேலோ வாசிப்புத் திறனைக் கேட்டன.

அதற்குப் பிறகு நோய்தோறும் இதே வகை ஆய்வுகள் பெருகின. தேடுபொறி முதலில் காட்டும் பக்கங்களை எடுப்பது, மென்பொருளில் இடுவது, வரும் எண்ணை ஆறோடு ஒப்பிட்டு 'பரிந்துரையைவிடக் கடினம்' என்று முடிப்பது என்பதே வழக்கமான நடை. பாக்டீரியத் தொற்றுகளைப் பற்றிய ஆங்கிலப் பக்கங்களும் பெரும்பாலும் இதே தீர்ப்பைப் பெற்றிருக்கின்றன. தீர்ப்பு தவறு என்று சொல்வதற்கில்லை. ஆனால் 2001இல் தெரிந்ததைவிட அதிகமாக இவை எதைச் சொல்கின்றன என்று கேட்டால் விடை திருப்தியாக இல்லை.

அளவுகோலிலும் சிக்கல் உண்டு. ஒரே எழுத்தை வெவ்வேறு சூத்திரங்களில் இட்டால் ஐந்து வகுப்பு வரை வித்தியாசம் வரலாம் என்பது ஒப்பீட்டு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. முழுமையாகப் புரிவதற்கு எந்த வகுப்பு வேண்டும் என்று ஸ்மாக் கணிக்கிறது; ஃப்ளெஷ்-கின்கெய்டோ பகுதிப் புரிதலோடு நின்றுவிடுகிறது. ஆகவே முன்னது பெரும்பாலும் கூடுதல் எண்ணைத் தருகிறது. 'ஆறாம் வகுப்பு' என்று ஒருவர் சொன்னால் எந்தச் சூத்திரத்தின் ஆறு என்று கேட்டாக வேண்டும். முற்றுப்புள்ளி இல்லாத தலைப்புகளும் பட்டியல்களும், 0.5 போன்ற தசமப் புள்ளிகளும் வாக்கியக் கணக்கையே குழப்பிவிடும். எழுத்தைச் சுத்தம் செய்யாமல் மென்பொருளில் இட்ட ஆய்வின் எண்ணை நம்புவது கடினம்.

இரண்டு மாத்திரை, இரண்டு வேளை

சூத்திரத்தின் எல்லையை மிகத் தெளிவாகக் காட்டியது 2006இல் டெர்ரி டேவிஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் மூன்று இடங்களில் 395 நோயாளிகளிடம் மருந்துப் புட்டிகளின் லேபிள்களைக் காட்டினார்கள். 'இரண்டு மாத்திரைகளை நாளைக்கு இருமுறை வாய்வழியே சாப்பிடவும்' என்பது அவற்றில் ஒன்று. எழுத்தறிவு குறைந்தவர்களில் சுமார் 71 விழுக்காட்டினர் அதைச் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று எண்ணி எடுத்துக் காட்டச் சொன்னபோது சரியாகச் செய்தவர்கள் சுமார் 35 விழுக்காடுதான்.

அந்த ஆங்கில வாக்கியத்தில் ஏழு சொற்கள், ஒன்பது அசைகள். ஃப்ளெஷ்-கின்கெய்டில் போட்டுப் பார்த்தால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குரியது என்று விடை வரும். சூத்திரத்தின்படி அதைவிட எளிமையாக எழுதுவதற்குப் பெரிதாக இடமில்லை. தடுமாற்றம் மொழியில் இல்லை. இரண்டை இரண்டால் பெருக்கி ஒரு நாளைக்குள் பிரித்து வைக்கும் கணக்கில் இருக்கிறது. இங்கிலாந்தில் 16 முதல் 65 வயது வரையுள்ளவர்களைப் பற்றி 2015இல் வந்த ஆய்வும் இதை வேறு வழியில் உறுதி செய்தது. புழக்கத்தில் உள்ள உடல்நல எழுத்துகளைக் கையாளத் திணறுபவர்கள் 43 விழுக்காடு. அந்த எழுத்தில் எண்ணும் கணக்கும் சேர்ந்தால் 61 விழுக்காடு. ஆன்டிபயாடிக் பற்றிய அறிவுறுத்தலில் எண் இல்லாத வரியே அபூர்வம்: ஐந்து நாள், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, 5 மில்லி, உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னால்.

சொல்லிலும் சூத்திரம் தடுக்கி விழுகிறது. 'ஆன்டிபயாடிக்' ஆங்கிலத்தில் ஐந்து அசை. ஸ்மாக் கணக்கில் கடினச் சொல். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் நிற்கும் யாருக்கும் அது தெரிந்த சொல்தான். மாறாக, கிருமியின் உட்பிரிவைக் குறிக்கும் 'ஸ்ட்ரெய்ன்' ஒரே அசை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையான 'கல்ச்சர்' இரண்டே அசை. சூத்திரம் இவற்றை எளிய சொற்கள் என்று கடந்து போய்விடும். யூரின் கல்ச்சர் என்றால் என்ன, அதன் முடிவு வர ஏன் ஓரிரண்டு நாள் ஆகிறது, அது வரும் முன்பே மருத்துவர் ஏன் ஒரு மருந்தைத் தொடங்கிப் பிறகு மாற்றுகிறார் என்பதெல்லாம் அந்தக் குட்டைச் சொல்லுக்குள் புதைந்து கிடக்கின்றன. அதை விளக்கி எழுதினால் சூத்திர மதிப்பெண் பெரும்பாலும் குறையும்; படிப்பவரின் புரிதல் கூடும். ஜானிஸ் ரெடிஷ் போன்ற ஆவண வல்லுநர்கள், சூத்திரத்துக்காக எழுதாதீர்கள் என்று வாதிட்டது இதனால்தான்.

கருத்தின் பாரம்

இன்னொரு நிலைப்பாடு, கடினம் எழுத்தில் குறைவாகவும் கருத்தில் அதிகமாகவும் இருக்கிறது என்பது. பாக்டீரியத் தொற்றைப் பொறுத்தவரை இதற்கு வலுவான சான்று உண்டு. 2015இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட 12 நாடுகளில் சுமார் பத்தாயிரம் பேரிடம் கேட்டது. சளிக்கும் ஃப்ளூவுக்கும் ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்று நம்பியவர்கள் 64 விழுக்காடு. இந்தியாவில் மட்டும் 75 விழுக்காடு. ஆன்டிபயாடிக் பலிக்காமல் போவதற்குக் காரணம் நம் உடம்பு அந்த மருந்துக்குப் பழகிவிடுவது என்று 76 விழுக்காட்டினர் எண்ணினார்கள். மாறுவது உடம்பல்ல, உள்ளே இருக்கும் பாக்டீரியா. இதை அறியாதவர், 'எனக்கு அந்த மருந்து பழகவில்லை, ஆகவே எனக்கு ஆபத்தில்லை' என்று முடிவு செய்யலாம். பக்கத்து வீட்டாரிடமிருந்தோ மருத்துவமனை வார்டிலிருந்தோ தொற்றிக்கொள்ளும் கிருமி ஏற்கெனவே மருந்துக்கு அடங்காததாக இருக்கக்கூடும் என்பது அவர் கணக்கில் வராது. ஆறாம் வகுப்பு நடையில் எழுதிய பக்கம்கூட இந்தத் தவறான படத்தைத் தொடாமலே முடிந்துவிடலாம்.

இதைவிடச் சிக்கலானது, எளிய வாக்கியத்தின் உள்ளடக்கமே விவாதத்துக்குரியதாக மாறும் இடம். 'மருந்து கோர்ஸை முழுசா முடிச்சிடுங்க' என்பதைவிட நினைவில் நிற்கும் அறிவுரை கிடையாது. போதாத அளவில் பெனிசிலின் எடுப்பதன் ஆபத்தை 1945இல் தன் நோபல் உரையிலேயே அலெக்சாண்டர் ஃப்ளெமிங் எச்சரித்திருந்தார். ஆனால் 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மார்ட்டின் லெவெலின் குழுவினர் எழுதிய கட்டுரை அந்த அறிவுரையைக் கேள்விக்கு உட்படுத்தியது. முன்கூட்டி நிறுத்துவதால் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா உருவாகிறது என்பதற்குப் பல தொற்றுகளில் போதிய சான்று இல்லை. தேவைக்கு மேல் நீட்டுவதே குடலிலும் தோலிலும் இயல்பாக வாழும் பாக்டீரியாக்களிடையே அத்தகையவற்றை வளர்க்கிறது என்பது அவர்களின் வாதம். காசநோயை அவர்கள் தனியே பிரித்துப் பார்த்தார்கள். அதில் சிகிச்சையைக் குறைப்பது உண்மையிலேயே ஆபத்து.

இந்த வாதத்தை எல்லோரும் ஏற்கவில்லை. நோயாளி தானே முடிவெடுத்து நிறுத்தலாம் என்றும் அது சொல்லவில்லை. ஆயினும் இணையத்தில் எழுதுபவருக்கு அது ஒரு தர்மசங்கடத்தைக் கொடுக்கிறது. 'முழுசா முடியுங்கள்' தெளிவானது, ஆனால் எல்லாத் தொற்றுக்கும் ஒரே மாதிரிப் பொருந்துவதாக இன்று சொல்ல முடியாது. 'மருத்துவர் சொன்னபடி எடுத்துக்கொள்ளுங்கள்' சரியானது, ஆனால் மருத்துவர் இரண்டு நிமிடம் மட்டுமே பேசிய நோயாளிக்கு அதில் செய்வதற்கென எதுவும் இல்லை. வாசிப்பெளிமை ஆய்வுகள் இந்த இரண்டு வாக்கியங்களையும் வேறுபடுத்திப் பார்ப்பதே இல்லை என்பது அவற்றின் பெரிய குறை என்றே கருதுகிறேன்.

எளிமை வேறு, உண்மை வேறு

தகவல் சரியா என்பது தனிப் பாதையில் வளர்ந்த கேள்வி. 1997இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழ், எழுதியவர் யார், ஆதாரம் எது, பின்னணியில் யார் பணம், எப்போது திருத்தியது என்ற நான்கு அளவுகோல்களை முன்வைத்தது. 1999இல் பிரிட்டனில் டிசெர்ன் என்ற வினாநிரல் வந்தது. 2002இல் குந்தர் ஐசன்பாக் குழுவினர் 79 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றில் 70 விழுக்காடு இணைய மருத்துவத் தகவலின் தரம் கவலைக்குரியது என்று முடித்திருந்தன. 2013இல் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று வெளியிட்ட பெமாட், 'புரிகிறதா' என்பதையும் 'படித்தவர் என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறதா' என்பதையும் தனித்தனியே மதிப்பிட்டது. இதுவரை வந்த கருவிகளில் பாக்டீரியத் தொற்றுக்கு மிக அருகில் வருவது இதுதான். ஆயினும் எழுதப்பட்டது உண்மையா என்பதைப் பெமாட்டும் கேட்பதில்லை.

எளிய நடை உண்மையின் பக்கம் மட்டும் நிற்பதும் இல்லை. சளிக்கு இந்த மாத்திரையை மூன்று நாள் போடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும் தவறான வரி, எந்தச் சூத்திரத்திலும் முதல் மதிப்பெண் வாங்கும்.

நோயின் பெயரே எளிமையாக இருந்து வழிதவறச் செய்வதும் உண்டு. ஸ்கிரப் டைஃபஸை நாம் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். கேட்பவர் மாட்டிலும் நாயிலும் ஒட்டியிருக்கும் உண்ணியைத் தேடுவார். நோயைப் பரப்புவதோ புதர்க்காடுகளில் இருக்கும், கண்ணுக்கு எளிதில் படாத ஒருவகைச் சிற்றுயிரியின் இளம்புழு. அது கடித்த இடத்தில், பெரும்பாலும் அக்குளிலோ தொடை இடுக்கிலோ, சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு தோன்றும். அந்தப் பொருக்கை நோயாளியே பார்த்து மருத்துவரிடம் காட்டினால் நோயைக் கண்டுபிடிப்பது பெருமளவு எளிதாகிவிடும். எலிக்காய்ச்சலும் அப்படித்தான். எலி கடிக்கவில்லையே என்று நிம்மதி அடைபவருக்கு, விலங்குகளின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தேங்கிய நீரிலும் வெறுங்காலோடு நின்றாலே தொற்றும் என்பதைச் சொல்லியாக வேண்டும். 2008இல் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரை எலிக்காய்ச்சல் சந்தேகத்தோடு பதிவு செய்த பெரும் பரவலின்போது, நெல் வயலில் இறங்குவோர் முக்கிய ஆபத்துக் குழுவாக இருந்தார்கள். இந்த நோய்களைப் பற்றிய பக்கம் வாக்கிய நீளத்தில் தேறிவிட்டு, பொருக்கையும் சேற்றையும் பற்றி ஒரு வரி சொல்லாமல் விட்டால், அது தேறியதால் யாருக்கும் பயனில்லை.

தமிழை எதனால் அளப்பது?

மேற்சொன்ன சூத்திரங்களைத் தமிழுக்குப் போட்டுப் பார்ப்பது சிரமமான வேலை இல்லை. 'மருந்தைச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்துக்கொள்ளுங்கள்.' இதைவிட எளிய அறிவுறுத்தல் தமிழில் எழுதுவது அரிது. நான்கு சொற்கள், உயிரொலிகளை எண்ணினால் பதினான்கு அசைகள். ஃப்ளெஷ் சூத்திரத்தில் இதன் மதிப்பெண் சுமார் -93. பூஜ்யமே மிகக் கடினம் என்று வைத்த அளவுகோலில் இது அதற்கும் பாதாளத்தில் விழுகிறது. ஃப்ளெஷ்-கின்கெய்ட் இதைப் படிக்க 27ஆம் வகுப்பு வேண்டும் என்கிறது. கடைசிச் சொல்லை 'எடுத்துக் கொள்ளுங்கள்' என்று பிரித்து எழுதினால் அதே வாக்கியம் -35க்கு ஏறிவிடுகிறது. ஓர் இடைவெளி விட்டதற்கு 58 மதிப்பெண்!

காரணம் வெளிப்படை. தமிழ் ஒட்டுநிலை மொழி. வேற்றுமையும் காலமும் இடமும் மரியாதையும் வேர்ச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக நிற்கும். நீளம் இங்கே அரிதான தன்மைக்கு அடையாளம் அல்ல. எங்கே சேர்த்து எழுதுவது, எங்கே பிரிப்பது என்பதில் பத்திரிகைக்குப் பத்திரிகை, ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. ஆகவே 'ஒரு சொல்' என்ற அலகே நிலையாக இல்லை.

பிற மொழிகள் தங்களுக்கென அளவைகளைத் திருத்திக்கொண்டன. ஸ்பானியத்துக்கு 1959இல் ஃபெர்னாண்டஸ் உவெர்த்தா, ஜெர்மனுக்கு 1978இல் டோனி அம்ஸ்டாட் ஃப்ளெஷின் எண்களை மாற்றி அமைத்தார்கள். ஸ்வீடனில் பியோர்ன்சன் 1968இல் லிக்ஸ் என்ற தனி முறையையே உருவாக்கினார். இந்தியாவில் இந்திக்கும் வங்காளிக்கும் வாசகர்களைக் கொண்டு சோதித்த மாதிரிகள் 2012 வாக்கில் வெளியாயின. தமிழிலும் கணினி மொழியியல் சார்ந்த முயற்சிகள் நடக்கின்றன. ஆனால் நோயாளிகளிடம் சோதித்து நிலைநிறுத்தி, மருத்துவ எழுத்துக்கு எல்லோரும் கையாளும் ஓர் அளவை இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை.

அளவை ஒன்று வந்தாலும் அது தொடாத மூன்று சிக்கல்கள் தமிழில் உண்டு. முதலாவது, பேச்சும் எழுத்தும் விலகி நிற்பது. 'நீர்க்கடுப்பு' என்று வீட்டில் சொல்வதும், 'யூரின் இன்ஃபெக்ஷன்' என்று கிளினிக்கில் சொல்வதும், 'சிறுநீர்ப் பாதைத் தொற்று' என்று பக்கத்தில் எழுதுவதும் மூன்று வேறு உலகங்கள். முதல் சொல்லால் தேடுபவர் மூன்றாம் சொல்லில் எழுதிய பக்கத்துக்கு வந்து சேர்வதே நிச்சயமில்லை. பாக்டீரியா என்று தமிழ்நாட்டில் எழுதுவதைப் பற்றீரியா என்றும் பக்டீரியா என்றும் எழுதும் இலங்கை வழக்கும் உண்டு. படிக்க எளிதா என்ற கேள்விக்கு முன்பே கண்டடைய எளிதா என்ற கேள்வி வந்துவிடுகிறது.

இரண்டாவது, கலைச்சொல். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து, நோய் எதிர்ப்புச் சக்தி, மருந்து எதிர்ப்புத் திறன் என்ற மூன்றையும் ஒரே பக்கத்தில் காண்பது வழக்கம். முதலில் எதிர்ப்பது மருந்து, இரண்டாவதில் உடம்பு, மூன்றாவதில் பாக்டீரியா. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கெடுப்பு கண்ட அதே குழப்பத்துக்கு, அதாவது எதிர்ப்பது யார் என்ற குழப்பத்துக்கு, இந்தச் சொல்லாட்சி வழிவிடக்கூடும். பிற மொழிகளிலும் அந்தக் குழப்பம் இருப்பதால் பழியைத் தமிழ்ச் சொல்மேல் மட்டும் போட முடியாது. தமிழ் வாசகர்களிடம் முறையாகச் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். அதுவரை, 'மருந்துக்கு அடங்காத கிருமி' என்பது போல யார் அடங்கவில்லை என்று சொல்லிலேயே தெரியும்படி எழுதுவது பாதுகாப்பானது.

கலைச்சொல்லா, புழங்கு சொல்லா என்ற இந்த வழக்கு பழையது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களை மொழிபெயர்த்தபோதே தொடங்கியது. அவர் எதிரே அமர்ந்திருந்தவர்கள் மருத்துவ மாணவர்கள். சொல்லை ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும். இணையப் பக்கத்தின் முன் இருப்பவர் காய்ச்சலோடு இருக்கும் குழந்தையின் தாய். அவருக்குக் கலைச்சொல்லைக் கற்பதற்கு இரவு பதினொரு மணி ஏற்ற நேரம் இல்லை. 'ஆன்டிபயாடிக்' என்ற கடன்சொல்லை முதலில் வைத்துத் தமிழ்ச் சொல்லை அருகில் அறிமுகப்படுத்துவது மொழிக்கு இழுக்கு ஆகாது என்பது என் கருத்து. தூய தமிழ்ச் சொல் ஒன்றால் மட்டுமே மருத்துவம் பேச வேண்டும் என்போர், அந்தச் சொல் பள்ளிப் பாடநூலில் வேரூன்றினால் அடுத்த தலைமுறைக்கு எளிதாகும் என்கிறார்கள். அது நியாயமான வாதம். இன்றைய நோயாளிக்கு அது உதவாது.

மூன்றாவது, படிக்காதவர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு சுமார் 80 விழுக்காடு. மீதியுள்ளோருக்கு எந்த வகுப்பு நடையும் ஒன்றுதான். ஆன்டிபயாடிக் அட்டைகளில் சிவப்புக் கோட்டைப் பார்த்தால் மருத்துவர் சீட்டின்றி வாங்காதீர்கள் என்று 2016இல் இந்திய அரசு தொடங்கிய பிரசாரம், எழுத்தின் துணையின்றியும் செய்தி சொல்லலாம் என்ற எண்ணத்தில் பிறந்தது. கோட்டின் பொருளை யாராவது ஒருமுறை விளக்கினால் ஒழிய அதுவும் வெறும் கோடுதான்.

இயந்திரம் எளிமையாக்குமா?

புதிதாக வந்திருக்கும் நிலைப்பாடு, சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளிடம் கொடுத்தால் கடினமான பக்கத்தை எளிமையாக்கித் தந்துவிடும் என்பது. ஆங்கிலத்தில் வகுப்பு எண் குறைவது உண்மை. ஆனால் சூத்திரம் எதை அளக்கத் தவறுகிறதோ அதையேதான் அந்த எண்ணும் தவறவிடுகிறது. வாக்கியம் குறுகும்போது 'கர்ப்பிணியாக இருந்தால்', 'மூன்று நாளில் காய்ச்சல் குறையாவிட்டால்' போன்ற நிபந்தனைகள் விடுபட்டால் எண் இன்னும் அழகாகத் தெரியும்.

மொழிபெயர்ப்பில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். அமெரிக்காவில் அவசரப் பிரிவு நோயாளிகளுக்கான அறிவுறுத்தல்களைக் கூகுள் மொழிபெயர்ப்பில் ஏழு மொழிகளுக்கு மாற்றிப் பார்த்த 2021ஆம் ஆண்டு ஆய்வில், பொருள் சிதையாமல் வந்தவை மொத்தத்தில் 82.5 விழுக்காடு. ஸ்பானியத்தில் 94, அர்மீனியனில் 55. இணையத்தில் எழுத்து மிகுந்த மொழிக்கும் குறைந்த மொழிக்கும் இடையே இவ்வளவு இடைவெளி. தமிழ் அந்த ஆய்வில் இல்லை. இயந்திரங்கள் அதன் பிறகு மேம்பட்டிருக்கின்றன; தமிழ் மருந்தளவு அறிவுறுத்தலில் எவ்வளவு என்பதைத் தமிழ் தெரிந்த மருத்துவரும் மருந்தாளரும் வரிவரியாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தீராமல் நிற்பவை

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் சில முடிவுகளை ஓரளவு நம்பிக்கையோடு எடுக்கலாம். ஆங்கிலத்தில் வகுப்பு எண் ஓர் எச்சரிக்கை மணியாகப் பயன்படுகிறது. பதினான்காம் வகுப்பு என்று வரும் பக்கத்தில் பெரும்பாலும் ஏதோ கோளாறு இருக்கும். ஆறு என்று வந்த பக்கம் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது சான்று ஆகாது. எண்களையும் செய்முறையையும் சோதிக்கும் ஆய்வுகள், நீளத்தை மட்டும் அளக்கும் ஆய்வுகளைவிட நம்பத்தக்க விடை தருகின்றன.

பக்கம் எளிமையானதால் ஆன்டிபயாடிக் தவறாகப் பயன்படுவது குறைந்ததா என்பது இன்னும் திறந்தே இருக்கிறது. புரிதல் கூடுவதற்கும் நடத்தை மாறுவதற்கும் இடையே சம்பள நாள் இழப்பு, மருத்துவமனைத் தூரம், சீட்டின்றி மருந்து தரும் கடை என்று பல நிற்கின்றன. எழுத்து இவற்றில் எதையும் மாற்றாது. கடினமான கருத்தை எவ்வளவு சுருக்கலாம், எங்கே சுருக்கினால் பொய்யாகிவிடும் என்பதற்கும் ஒப்புக்கொண்ட எல்லை இல்லை. கோர்ஸ் பற்றிய விவாதம் அதற்கு நல்ல உதாரணம்.

தமிழைப் பொறுத்தவரை தொடக்க வேலையே பாக்கி. 1953இல் வில்சன் டெய்லர் கொண்டுவந்த முறை ஒன்று உண்டு: எழுத்தில் ஐந்து சொல்லுக்கு ஒன்றை நீக்கிவிட்டு வாசகரை நிரப்பச் சொல்வது. அது அசையையும் சொல் நீளத்தையும் சார்ந்திருக்கவில்லை. விகுதியை விட்டு வேர்ச்சொல்லை மட்டும் திருத்தும் ஏற்பாட்டோடு தமிழில் அதைச் சோதிக்கலாம். அதைவிட எளிதானது, பக்கத்தைப் படித்த சிலரிடம் மாத்திரை அட்டையைக் கொடுத்து இன்றைக்குரியதை எடுத்து வைக்கச் சொல்வது. தமிழில் மருத்துவம் எழுதும் மருத்துவர்களும் பத்திரிகைகளும் அரசுத் துறைகளும் வெளியிடும் முன் இதையாவது செய்ய வேண்டும். ஆங்கிலச் சூத்திரத்தில் இட்டு எடுத்த எண்ணைக் கொண்டு ஒரு தமிழ்ப் பக்கத்துக்கு வகுப்புச் சான்று கொடுப்பதற்கு இன்று எந்த ஆதாரமும் கிடையாது.